அறையில் ஃபிரிட்ஜும் இல்லை, அடுப்பும் இல்லை: குறைந்த செலவில் புரதத்துக்கு என்ன வழி?

கேள்வி: திருவல்லிக்கேணி மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சென்னையில் முதுகலை முதலாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காததால் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில், மூன்று பேர் தங்கும் அறையில் இருக்கிறேன். ஒரு கட்டில், பூட்டு போட்ட சுவரலமாரியில் ஒரு தட்டு, ஒரு பிளக் பாயின்ட் ஆகியவைதான் என் பங்கு. ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எதுவும் இல்லை. மின்சார அடுப்போ கெட்டிலோ வைத்திருப்பது தெரிந்தால் அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று சேர்ந்த அன்றே எச்சரித்துவிட்டார்கள்.

காலையும் இரவும் தெருமுனை டிபன் கடையில் சாப்பிடுகிறேன். மதியம் கல்லூரி மெஸ். ஊரிலிருந்து வந்தபோது 61 கிலோ இருந்த நான் நான்கு மாதத்தில் 58 கிலோவாகிவிட்டேன். மாலை நான்கு மணிக்கு மேல் நூலகத்தில் உட்கார முடியாத அளவுக்குச் சோர்வு வருகிறது. பக்கத்துத் தெருவில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் அறைத் தோழர், புரதம் போதவில்லை என்றும் புரதப் பொடி வாங்கினால்தான் சரியாகும் என்றும் சொல்கிறார். அந்த டப்பாவின் விலை என் அப்பா மாதம் அனுப்பும் பணத்தில் பாதி. சாப்பாட்டுக்கு மேல் ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய் வரை என்னால் ஒதுக்க முடியும். அதற்கு மேல் முடியாது.

இரண்டு முயற்சிகள் செய்து தோற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பரின் வீட்டில் ஆறு முட்டைகளை அவித்து வாங்கி வந்து, இரண்டைச் சாப்பிட்டுவிட்டு மீதியை டப்பாவில் மூடி அலமாரியில் வைத்தேன். இரவு எட்டு மணிக்கு உரித்துச் சாப்பிட்டதில் விடியும் வரை வாந்தி. பிறகு பச்சைப்பயறை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். இரண்டாம் நாள் முளை வருவதற்குள் வழவழப்பும் புளித்த நாற்றமும் வந்துவிட்டன. ஊரில் அம்மா கட்டும் முளைப்பயறு ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

முட்டை சாப்பிடுவேன், மீனும் சாப்பிடுவேன். சமைக்காமல், கெடாமல், நாற்பது ரூபாய்க்குள் என்ன செய்யலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியோடு பின்பற்றுவேன்.

மறுமொழி: எட்டு ஆண்டு மேன்ஷன்வாசி

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பழைய அறை கண்முன் வந்தது. நானும் அதே திருவல்லிக்கேணியில் எட்டு ஆண்டுகள் தங்கி, படித்து, வேலை தேடி, வேலையும் பார்த்தவன். அந்த அறைகளில் நன்றாகச் சாப்பிட முடியாது என்று பலர் நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும். இவை இரண்டும் உங்கள் அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டும். நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 24 கிராம் புரதமும், நூறு கிராம் பொட்டுக்கடலையில் 20 கிராமுக்குச் சற்று மேலும் இருக்கிறது. வேர்க்கடலையில் எண்ணெய் அதிகம். அதனால் எடை கூட வேண்டிய உங்களுக்கு அது நல்லதுதான். ஆனாலும் ஒரே நாளில் கால் கிலோவைக் கொறித்துவிடாமல் ஒரு கைப்பிடி, அதாவது முப்பது கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டுக்கடலையை ஐம்பது கிராம் வரை தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஐம்பது கிராம் பொட்டுக்கடலையும் சேர்ந்தால் 17 கிராம் புரதம் வந்துவிடும். நான் இந்த மாதம் ஜாம்பஜாரில் வாங்கிய விலையில் இதற்குப் பன்னிரண்டு ரூபாய்தான் ஆகிறது. கடைக்குக் கடை ஒன்றிரண்டு ரூபாய் கூடலாம், குறையலாம்.

வெறுமனே மென்று சலித்துப் போனால் பொட்டுக்கடலையை மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். மாவு மில்லில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் அரைக்கத் தயங்குவார்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொடுத்தால் அரைத்துத் தருவார்கள். ஒரு டம்ளர் மோரில் மூன்று பெரிய கரண்டி மாவைப் போட்டு, உப்பும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் ஊற்றிக் குலுக்கிக் குடித்தால் கட்டி விழாது. வடக்கே பீகார்க்காரர்கள் சத்து என்ற பெயரில் வறுத்த கடலையின் மாவைக் கரைத்துக் குடித்துவிட்டு வயல் வேலைக்குப் போகிறார்கள். நம் பொட்டுக்கடலையும் அந்தக் கொண்டைக்கடலை இனத்தை வறுத்து உடைத்ததுதான்.

அடுத்தது முட்டை. உங்களுக்கு நேர்ந்தது முட்டையின் குற்றமன்று, சென்னை வெயிலின் குற்றம். ஓட்டோடு இருக்கும் பச்சை முட்டை, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் தாங்கும். அதே முட்டையை அவித்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு மணி நேரம்கூட அதிகம். அவிக்கும்போது ஓட்டின் மேலிருக்கும் இயற்கையான பூச்சு போய்விடுவதால் நுண்ணிய துளைகள் வழியாகக் கிருமி உள்ளே நுழைகிறது. மூடிய டப்பாவுக்குள் வியர்த்த முட்டை பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். வாங்கி வந்த பச்சை முட்டையைக் கழுவி வைக்காமல், அவிப்பதற்குச் சற்று முன் கழுவுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதியது, குத்திட்டு நின்றால் பழையது, மிதந்தால் தூக்கி எறிய வேண்டியது.

எங்கே அவிப்பது என்பதுதான் உங்கள் சிக்கல். எனக்கு அதைத் தீர்த்து வைத்தவர் எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அக்கா. காலை ஆறு மணிக்கு அவர் இட்லிக் கொப்பரையை ஏற்றும்போது, கழுவிய இரண்டு முட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பக்கத்து அடுப்பில் வெந்நீர் கொதிக்கும் பாத்திரத்தில் அவற்றைப் போட்டுவிடுவார். இட்லி இரண்டு ஈடு இறங்குவதற்குள் முட்டை வெந்திருக்கும். தட்டில் நான்கு இட்லியோடு, ஓட்டில் இன்னும் ஆவி பறக்கும் இரண்டு முட்டைகளை வைத்துத் தருவார். உரிக்கும்போது விரல் சுட்டு, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி உரித்தது இன்றும் நினைவிருக்கிறது. இதற்காக மாதம் ஒரு தொகை பேசிக்கொண்டேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் எரிவாயு அவருடையது என்பதால் நான் கொடுத்துவிடுவேன். உங்கள் தெருமுனைக் கடையிலும் கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாகச் சாப்பிடும் பிள்ளை கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. மொத்தக் கடையில் முட்டையை நீங்களே வாங்கினால் இரண்டுக்கும் பதினான்கு ரூபாய்க்கு மேல் ஆகாது. புரதம் 12 கிராம்.

மீல் மேக்கர் எனப்படும் சோயா உருண்டையையும் மறக்க வேண்டாம். நூறு கிராமில் பாதிக்கு மேல் புரதம் உள்ள பொருள், விலைக்கு விலை பார்த்தால் அதைவிட மலிவானது இல்லை. டீக்கடை பாய்லரில் வெந்நீர் பிடித்து, ஒரு கைப்பிடி உருண்டையை அதில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்; அதன் பச்சை வாடை அந்த நீரோடு போய்விடும். பிறகு இரவு வாங்கும் சூடான சாம்பாரிலோ குருமாவிலோ போட்டு மூடி வைத்தால் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். ருசி என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனால் முப்பது கிராம் உருண்டையில் 15 கிராம் புரதம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அறைக்குள் எல்லாமே நமுத்துப் போகும். வேர்க்கடலையை நெகிழிப் பையில் விடாமல் இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றுங்கள். சுருங்கிய, கறுத்த, பூசணம் பூத்த, கசக்கும் பருப்பு ஒன்று வாயில் பட்டாலும் துப்பிவிட வேண்டும். ஈரக் கடலையில் வளரும் பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுதாகப் போகாதது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்து கிலோ வாங்காமல் அரைக்கிலோ அரைக்கிலோவாக வாங்குங்கள்.

மறுமொழி: உணவியல் கற்பிப்பவர்

மேலே எழுதியவர் நடைமுறையை மிக நன்றாகச் சொல்லிவிட்டார். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் எவ்வளவு தேவை என்று தெரியாததால்தான் மாணவர்கள் தேவையற்ற அச்சத்துக்கும் தேவையற்ற செலவுக்கும் ஆளாகிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, உடல்நலமுள்ள ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதுமானது. 58 கிலோ எடையுள்ள உங்களுக்கு அது 48 கிராம். இப்போது நீங்கள் சாப்பிடுவதையே கூட்டிப் பாருங்கள். நான்கு இட்லியும் சாம்பாரும் ஏறத்தாழ 10 கிராம். மதியம் வயிறு நிறையச் சோறு, சாம்பார், பொரியல், மோர் என்றால் 15 கிராம். இரவு மூன்று சப்பாத்தியும் குருமாவும் 11 கிராம். மொத்தம் 36. ஆக, உங்களுக்குக் குறைவது 12 கிராம். அதாவது இரண்டு முட்டை, அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலையோடு கொஞ்சம் பொட்டுக்கடலை. உடற்பயிற்சி செய்து எடை கூட்ட நினைத்தால் இன்னும் 15 அல்லது 20 கிராம் சேர்த்துக்கொள்ளலாம். அதையும் மீல் மேக்கரும் கடலையும் கொடுத்துவிடும். டப்பாவில் வரும் பொடி உங்களுக்குத் தேவையில்லை.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. மூன்று வேளையும் நீங்கள் உண்மையிலேயே சாப்பிட வேண்டும். காலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளும் நாட்கள் எத்தனை என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நான்கு மாதத்தில் மூன்று கிலோ குறைந்ததற்குப் புரதத்தைவிட, மொத்தச் சாப்பாடு குறைந்ததுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மொத்த உணவு போதாதபோது உடல் தசைக்கு வேண்டிய புரதத்தையும் எரிபொருளாக எரித்துவிடும். அப்போது முட்டையைக் கூட்டியும் பயன் குறைவே.

அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. நம் இட்லியும் பொங்கலும் சாம்பார் சோறும் இந்த இரண்டையும் சேர்த்தே தருகின்றன. பருப்பு அதிகமுள்ள பக்கமாகச் சாய்வதுதான் நீங்கள் செய்ய வேண்டியது. மெஸ்ஸில் சாம்பாரை மேலாக மொள்ளாமல் அடியில் கலக்கி ஊற்றச் சொல்லுங்கள். பருப்பு அடியில்தான் இருக்கும். ஊரில் குடும்ப அட்டைக்குத் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது அல்லவா, அம்மாவிடம் சொல்லி அதை வறுத்து, மிளகும் காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்த்துப் பருப்புப் பொடியாக இடித்து அனுப்பச் சொல்லுங்கள். பூண்டை நன்றாக வறுத்து ஈரம் போக்கினால் ஒரு மாதம் கெடாது. சோற்றில் இரண்டு கரண்டி பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்தால் நான்கைந்து கிராம் புரதம் வீட்டு மணத்தோடு உள்ளே போகும்.

பொடி என்றதும் நினைவுக்கு வருகிறது. சத்துப் பானம் என்ற பெயரில் விற்கும் பல மாவுகளில், நூறு கிராமுக்கான புரதம் பொட்டுக்கடலையில் இருப்பதில் பாதி, அல்லது அதற்கும் குறைவு, சர்க்கரைதான் அதிகம். டப்பாவின் பின்பக்க அட்டவணையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாலுக்கு ஏங்கினால் கொழுப்பு நீக்கிய பால் பொடியை வாங்கலாம். அதில் நூறு கிராமுக்கு 35 கிராம் வரை புரதம் உண்டு. டீக்கும் காப்பிக்கும் போடும் வெண்மைப் பொடியும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். அதில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், புரதமும் குறைவு; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிக்கச் சொல்லும் பழக்கம் உடற்பயிற்சிக் கூடங்களில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பச்சை முட்டையின் புரதம் வெந்த முட்டையினுடையதைப் போலச் செரிப்பதில்லை. சால்மொனெல்லா கிருமிக்கும் அது வழி.

இன்னொன்று. மாலை நேரச் சோர்வு எப்போதும் புரதக் குறைவால் வருவதன்று. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகைக்கும் இதே அறிகுறிதான். பக்கத்திலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில் சென்றால் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுவார்கள். அதுவரை, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். டீயிலுள்ள டானின் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. சுண்டல் வாங்கினால் எலுமிச்சை பிழிந்து தரச் சொல்லுங்கள். வைட்டமின் சி அந்த இரும்பை உடல் ஏற்க உதவுகிறது.

மறுமொழி: தரமணி விடுதி மாணவி

நான் முட்டை சாப்பிடாத குடும்பத்திலிருந்து வந்தவள். தரமணியில் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். எங்கள் தளத்திலும் எந்த மின்சாதனமும் அனுமதியில்லை, ஆனால் கீழே குடிநீர் இயந்திரத்தில் வெந்நீர் வரும். எனக்கு உதவும் பொருள் வாய் அகன்ற ஒரு சிறிய எஃகு ஃபிளாஸ்க்.

இரவு படுக்கும் முன் ஒரு கைப்பிடிப் பச்சைப்பயறை ஊறவைத்துவிடுவேன். காலையில் முதலில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து அதைக் கொட்டிவிட வேண்டும். உள்சுவர் குளிர்ந்திருந்தால் சூடு அதற்கே போய்விடும். பிறகு ஊறிய பயறைப் போட்டு, தளதளவென்று கொதிக்கும் நீரைக் கழுத்து வரை ஊற்றி மூடிவிட்டால், குளித்துத் துணி துவைத்துத் திரும்பும் இரண்டு மணி நேரத்தில் பயறு நசுக்கினால் மசியும் பதத்துக்கு வந்திருக்கும். எங்கள் இயந்திரத்தில் வெந்நீர் கொதிநிலையில் வருவதில்லை என்பதால் நான் சமையலறை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அரைகுறைச் சூட்டில் பயறு வேகாது, புளிக்கத்தான் செய்யும். நீரை வடித்து, உப்பும் எலுமிச்சையும் துருவிய மாங்காயும் கலந்தால் காலை உணவு ஆயிற்று. நாற்பது கிராம் பயறுக்கு 9 கிராம் புரதம் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறேன். வெந்ததை உடனே சாப்பிட்டுவிட வேண்டும். மாலைக்கு என்று ஃபிளாஸ்க்கிலேயே விட்டால், உங்கள் முட்டைக்கு ஆனதுதான் இதற்கும் ஆகும்.

முளைப்பயறு உங்களுக்குப் புளித்ததற்குக் காரணம் திருவல்லிக்கேணிக் கடற்காற்றின் ஈரம் என்றே நினைக்கிறேன். ஊரில் காற்று உலர்ந்திருக்கும், துணி தானாகக் காயும். இங்கே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து அலசிப் பிழிந்து கட்ட வேண்டும். கல்லூரிக்குப் போகிறவரால் அது முடியாது. மேலும் பச்சையாகச் சாப்பிடும் முளைப்பயறில் கிருமி பெருகுவதற்கும் இந்த வெப்பம் மிக ஏற்றது. முளைகட்டுவதால் புரதம் ஒன்றும் பெருகிவிடுவதில்லை, ஆகவே நான் அந்த முயற்சியையே விட்டுவிட்டேன்.

மறுமொழி: காசிமேட்டுப் பையன்

மீன் சாப்பிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கருவாட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மீன் தொழில். ஃபிரிட்ஜ் என்ற பொருள் வருவதற்கு முன்பே மீனைக் கெடாமல் வைத்துக்கொள்ள எங்கள் பாட்டிமார் கண்ட வழி கருவாடு.

நெத்திலிக் கருவாட்டின் எடையில் பாதியோ அதற்கு மேலோ புரதம்தான். தலையையும் குடலையும் கிள்ளி, வெந்நீரில் இரண்டு முறை அலசி உப்பையும் மணலையும் போக்கி, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்தால் காற்றுப் புகாத பாட்டிலில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். சென்னாக்கூனி எனப்படும் உலர்ந்த பொடி இறாலை வறுத்து, காய்ந்த மிளகாயோடு பொடித்து வைத்தால் சோற்றுக்கும் தயிர்ச் சோற்றுக்கும் தொட்டுக்கொள்ளலாம். இதை அறையில் செய்ய முடியாது. சமைக்கிற வீட்டில் நண்பர் யாரேனும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை செய்து எடுத்து வாருங்கள். வாங்கும்போது மஞ்சள் பூத்த கருவாட்டை ஒதுக்குங்கள், அது கொழுப்பு கெட்டது. உப்பு மிகுதியாதலால் ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். பாட்டிலைத் திறக்கும் முன் அறையிலுள்ள மற்ற இருவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. வாசனை பிடிக்காதவர்களுக்கு அது மிகவும் சிரமம்.

மறுமொழி: எட்டு ஆண்டு மேன்ஷன்வாசி

ஒன்றை விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் கையில் பணமில்லாத நாட்கள் எனக்கு நிறைய இருந்தன. அப்படிப்பட்ட நாட்களில் புரதம் வேண்டாம், பசி தீர்ந்தால் போதும் என்று பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் படுத்துவிடத் தோன்றும். அதற்குப் பதிலாக அம்மா உணவகத்துக்குப் போங்கள். அங்கே மாலையில் மூன்று ரூபாய்க்கு இரண்டு சப்பாத்தியும் பருப்புக் கடைசலும் தருகிறார்கள். காலையில் ஐந்து ரூபாய்ப் பொங்கலில் பாசிப்பருப்பு இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்பதற்குக் கூச்சப்பட வேண்டாம் தம்பி, என்னோடு படித்த பலர் அந்த வரிசையில் நின்று படித்தவர்கள்தான்.

கேட்டவர்: திருவல்லிக்கேணி மாணவன்

பதிலளித்த எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் பொறுத்து எழுதுகிறேன். செய்து பார்க்காமல் எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

தெருமுனைக் கடை அக்காவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "இதுக்கா இவ்வளவு யோசிச்ச? நாளைக்கே கொண்டு வா" என்றார். இப்போது என்னைப் பார்த்து மேன்ஷனில் இன்னும் நான்கு பேர் முட்டை கொண்டுவருகிறார்கள். யாருடைய முட்டை எது என்று தெரிவதற்காக ஓட்டில் பென்சிலால் அறை எண்ணை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். காலையில் இரண்டு முட்டை, வகுப்பு இடைவேளையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மாலையில் பொட்டுக்கடலை மாவு கரைத்த மோர் என்று நாள் ஒன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய்க்குள் முடிகிறது. மீல் மேக்கர் எனக்கு ஒத்துவரவில்லை, வயிறு உப்புசமாகிவிட்டது. அம்மா அனுப்பிய பருப்புப் பொடி பத்தே நாளில் தீர்ந்துவிட்டது, அறைத் தோழர்கள் இருவரும் அதற்குப் பங்காளிகள்.

சுகாதார நிலையத்தில் பார்த்ததில் ஹீமோகுளோபின் 11.2 என்று வந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மறுபடி வந்து பார்க்கச் சொன்னார்கள். ஆசிரியர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பரிசோதிக்கப் போயிருக்கவே மாட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம். தரமணி அக்கா சொன்ன ஃபிளாஸ்க் முறையில் பச்சைப்பயறு நன்றாக வந்தது. அதே முறையில் கறுப்புக் கொண்டைக்கடலையையும் ராஜ்மாவையும் வேகவைக்கலாமா? அறைத் தோழர் ஒருவர் ராஜ்மா ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறார்.

மறுமொழி: உணவியல் கற்பிப்பவர்

மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். சோர்வு போனதும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13க்குக் கீழே இருந்தாலே குறைவு என்பதால், ஏன் குறைந்தது என்பதையும் அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள்.

ராஜ்மாவை எக்காரணம் கொண்டும் ஃபிளாஸ்க்கில் வேகவைக்க வேண்டாம். அதில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அடுப்பின் மேல் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால்தான் அது முழுதாக அழியும். ஃபிளாஸ்க்கில் நீர் கொதிநிலைக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த இளஞ்சூட்டில் பருப்பு மெத்தென்று ஆகிவிட்டது போலத் தோன்றும், ஆனால் நச்சு அழியாது. அப்படிப்பட்ட சில பருப்புகளைத் தின்றாலே மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் வரும். கறுப்புக் கொண்டைக்கடலைக்கு அந்த அளவு ஆபத்து இல்லை, ஆனால் ஃபிளாஸ்க் சூட்டுக்கு அது வேகாது. மாலையில் தள்ளுவண்டியில் சூடாக இருக்கும் சுண்டலை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு கிலோ ராஜ்மாவை உங்கள் இட்லிக் கடை அக்காவிடம் கொடுத்து, குக்கரில் வேகவைத்துக் குருமாவில் போடச் சொல்லுங்கள்.